கொடையும் உரிமையும்: திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் வாழ்வு

கொல்லிமலையின் பெயரைக் கேட்டதும் தமிழறிந்தோர் நெஞ்சில் முதலில் தோன்றுபவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக எண்ணப்படுபவன். ஒரே அம்பால் யானை முதலாகப் பல விலங்குகளை வீழ்த்திய வில்லாண்மையைக் காட்டிலும், தன்னை நாடி வந்த பாணர்க்கும் புலவர்க்கும் வரையாது வழங்கிய கொடையே அவன் பெயரை இன்றளவும் நிலைநிறுத்தியுள்ளது. அவன் ஆண்ட மலையின் நாடுகளுள் ஒன்றாகிய திருப்புலி நாட்டில் நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் அவனை நினைவுகூர்தல் பொருத்தமே. ஆனால் நம் இளைஞர்கள் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மலையமான் திருமுடிக்காரியின் கையால் ஓரி வீழ்ந்தான். கொல்லி சேரர் வசமாயிற்று. அன்றுவரை ஓரியின் முற்றத்தை நம்பியிருந்த இரவலர் மறுநாள் எந்த வாயிலில் நின்று எதைக் கேட்டிருக்க முடியும்? வள்ளல் நல்லவன் என்பதில் ஐயமில்லை. எனினும் அவனிடம் பெற்றதை இது எமக்கு உரியது என்று கேட்கும் நிலையில் அவர்கள் ஒருநாளும் இருந்ததில்லை.

பெறுவதற்கும் உரியதாகக் கேட்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தம் வாழ்நாள் முழுதும் விடாது பற்றி நின்றவர் இரட்டைமலை சீனிவாசனார். அறநூல் ஆராய்வோர் இதனை நீதி முந்தியதா, நன்மை முந்தியதா என்ற வினாவாக வைப்பர். நன்மை என்பது மக்கள் விரும்பத்தக்க பேறுகள்: உணவு, உடல்நலம், ஊர் அமைதி, ஒற்றுமை, கல்வி, நல்லொழுக்கம், இறைபக்தி. நீதி என்பது ஒவ்வொருவருக்கும் உரியதை மறுக்காதிருத்தல். இரண்டும் கைகோத்துச் செல்லும் வரையில் சிக்கல் இல்லை. ஒன்றுக்கொன்று மோதும்போது எது விலகி எதற்கு வழிவிடுவது என்பதே கேள்வி. சீனிவாசனார் தத்துவ நூல் எதனையும் எழுதியவரல்லர். பத்திரிகை நடத்தினார், விண்ணப்பம் எழுதினார், சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அந்த வினா அவர் வாழ்வில் நான்கைந்து முறை குறுக்கே வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் அவர் ஏதோ ஒரு விடை சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

அவர் செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் பகுதியிலுள்ள கோழியாளம் என்னும் சிற்றூரில் 1860-ஐ ஒட்டிப் பிறந்தவர். இரட்டைமலை என்பது ஊரின் பெயரென்று பலர் கருதுகின்றனர். அது அவர் தந்தையாரின் பெயர். குடும்பம் பிழைப்பைத் தேடி இடம்பெயர்ந்தது. கோயம்புத்தூர்க் கலாசாலையில் அவர் படித்த காலத்தில் ஏறத்தாழ நானூறு மாணவர்களுள் பத்துப்பேர் நீங்கலாக மற்றெல்லாரும் பிராமணர் என்று அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். யாரேனும் பேச்சுக் கொடுத்துச் சாதியையும் வீட்டையும் உறவையும் விசாரித்துவிடுவரோ என்னும் அச்சத்தால், காலையில் பள்ளிக்கு வெளியே எங்கேனும் ஒதுங்கி நின்று படித்துக் கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். மாலையில் வகுப்புக் கலைந்ததும் உடன் படிப்போர் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீடு திரும்புவார். விளையாட்டில்லை, தோழமை இல்லை.

இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். அச்சிறுவனுக்குக் கல்வி என்னும் நன்மை கிடைத்துக் கொண்டுதான் இருந்தது. அவனைப் பள்ளியிலிருந்து எவரும் துரத்தவில்லை. ஆனால் தன் பெயரையும் ஊரையும் மறைக்காமல் அங்கே அமர்ந்திருக்கும் உரிமை கிடைக்கவில்லை. உரிமையின்றிப் பெற்ற கல்வி திருடிய பொருளைப்போல மடியில் கட்டிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. நம் சமுதாயத்தில் முதல் தலைமுறையாகப் படிக்கப் போனவர்கள் இதைப் படித்தவுடன் புரிந்து கொள்வார்கள், விளக்கம் வேண்டியதில்லை.

படிப்புக்குப்பின் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1887-இல் அரங்கநாயகி அம்மையாரை மணந்தார். பண்டிதர் அயோத்திதாசர் அவருக்கு மைத்துனர் முறையினர். 1890-இல் சென்னைக்குக் குடியேறியபின் ஊர் ஊராகச் சென்று சேரிமக்களின் நிலையை நேரில் கண்டறிந்தார். அவர் பிறந்த அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் நிலைமை பற்றி ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கையும், அதன்பின் 1892-இல் தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்க அரசு பிறப்பித்த ஆணையும் அக்காலத்தவை. பின்னாளில் பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது இந்த ஆணையின் வழிவந்ததே. பறையர் மகாசன சபையை அவர் நிறுவியதும் இதே ஆண்டுகளில்தான்.

1893-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். முதலீடு பத்து ரூபாய். நான்கு பக்கம், விலை இரண்டணா. மாத இதழாகத் தொடங்கிச் சில திங்களில் வார இதழாகி, ஏழாண்டுகள் நடந்தது. அப்பெயரைத் தாங்கி ஓர் இதழ் வெளிவருவதைப் பலர் விரும்பவில்லை. அயோத்திதாசரே அப்பெயரை ஏற்கவில்லை. அவர் 1907-இல் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். பின்னர் எம். சி. ராஜா அவர்கள் சட்டசபை வழியாக ஆதித்திராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்கச் செய்தார். பெயரைத் துறப்பதா, அதே பெயரோடு தலை நிமிர்வதா என்பது நம் முன்னோரிடையே நடந்த பெரிய கருத்துப் போர். பள்ளியில் தன்னை மறைத்துக் கொண்டு ஓடிய சிறுவன் முப்பதைத் தாண்டியபின் அந்தப் பெயரையே பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தெருவில் விற்கச் செய்தார் என்பதொன்றே போதும். அவர் பக்கம் இருந்த நியாயம் விளங்கும்.

இதழ் தொடங்கிய இரண்டே திங்களில் அவரை இன்றும் வழக்கில் நிறுத்தும் செயல் நிகழ்ந்தது. அந்நாளில் ஐ.சி.எஸ். என்னும் உயர்பதவித் தேர்வு லண்டனில் மட்டுமே நடைபெற்றது. இந்தியாவிலும் அதே நேரத்தில் அத்தேர்வை நடத்த வேண்டும் என்பது காங்கிரஸின் கோரிக்கை. தாதாபாய் நௌரோஜி முதலியோர் முயற்சியால் 1893 ஜூன் திங்களில் பிரிட்டிஷ் மக்கள் சபை அதற்கு இசைவான தீர்மானமும் நிறைவேற்றியிருந்தது. இந்தியர் தம் நாட்டைத் தாமே நிர்வகிக்கும் பாதையில் அது ஒரு படி. நாட்டின் பொது நன்மை என்று கேட்டால் எவரும் மறுக்க முடியாத நன்மை. சீனிவாசனார் அதை எதிர்த்தார். அந்த டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி, 3,412 பேரின் கையொப்பம் பெற்று, 112 அடி நீளமுள்ள விண்ணப்பத்தை ஜெனரல் செஸ்னி என்னும் பாராளுமன்ற உறுப்பினர் வழியாக லண்டனுக்கு அனுப்பினார். தேர்வு இங்கே நடந்தால் கல்வியை ஏற்கெனவே தம் கையில் வைத்திருந்த உயர்சாதியினரே அப்பதவிகளை நிரப்புவர், கிராமத்தில் சேரியை ஆள்பவர்களே மாவட்டத்தையும் ஆள்வர், அப்போது முறையிடப் போக இடமே இராது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதற்காக அவரை ஆங்கிலேயரின் அடிவருடி என்று பேசினோர் அன்றும் இருந்தனர், பின்னரும் எழுதினர். அவர்களுடைய கணக்கு எளியது. பலருக்குப் பெரிய நன்மை வருகிறது. சிலர் இன்னும் சிறிது காலம் பொறுத்திருக்கட்டும். மேலைநாட்டில் ஜெரமி பெந்தாம் என்னும் அறிஞர் வகுத்த பயன்நோக்குக் கொள்கையும் ஏறக்குறைய இதே தராசைத்தான் கையில் வைத்திருந்தது. எல்லாருடைய இன்பதுன்பங்களையும் கூட்டிக் கழித்து, மொத்தம் எதில் மிகுகிறதோ அதுவே அறம் என்பது அது. அந்தத் தராசில் ஒரு தட்டில் முப்பது கோடி மக்களின் தன்னாட்சியை வைத்தால் மறுதட்டில் சேரி என்ன எடை நிற்கும்? அமெரிக்க அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட நீதி பற்றிய பெருநூலில் இக்கணக்கையே மறுத்தார். ஒரு சிலரின் அடிப்படை உரிமையைப் பறித்துப் பலருக்கு எவ்வளவு நன்மை செய்தாலும் அது நீதியாகாது; நீதி வகுத்த எல்லைக்குள்தான் நன்மையைத் தேட வேண்டும் என்று அவர் விரிவாக நிறுவினார். தமக்கு எந்தச் சாதி, எந்தச் செல்வநிலை வாய்க்கும் என்று அறியாதவர்களாக மனிதர்கள் ஒன்றுகூடித் தம் சமுதாயத்துக்கு விதி வகுப்பதாகக் கற்பனை செய்து பார்க்கச் சொன்னார். சேரியில் பிறக்க நேரலாம் என்று எண்ணுகிறவன் சேரியைப் பொறுத்திருக்கச் சொல்லும் விதிக்குக் கையொப்பம் இடமாட்டான். 112 அடி விண்ணப்பத்தில் இருந்த நியாயமும் இதுவே. ஆனால் அங்கே கையொப்பமிட்டவர்கள் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

அந்த விண்ணப்பத்தில் எனக்கு முழு மனநிறைவு உண்டென்று சொல்ல மாட்டேன். அந்நிய ஆட்சி நம்மிடம் காட்டிய பரிவும் ஒருவகைக் கொடையே. தன் நலத்துக்கு ஒத்துவரும் வரையில் காட்டியது. பெருநிலக்காரரையும் உயர்சாதியினரையும் பகைத்துக் கொள்ள வேண்டிவந்தபோது அவ்வாட்சி நம் பக்கம் நின்ற நிகழ்ச்சிகள் சிலவே. சீனிவாசனார் இதை அறியாதவரல்லர். இருக்கும் இரு வாயில்களுள் எதில் நின்றால் முறையீடு காதில் விழும் என்று பார்த்தார்.

1900-இல் லண்டன் சென்று நேரில் முறையிடும் நோக்குடன் கப்பலேறினார். பயணம் ஆப்பிரிக்காவோடு நின்றது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக நீண்டகாலம் பணிசெய்தார். அங்கே காந்தியடிகளோடு பழக்கம் ஏற்பட்டது. அடிகள் தமிழில் கையொப்பமிடக் கற்றது இவரிடமே என்று சொல்வர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெளிநாட்டில் கழித்து, 1921-ஐ ஒட்டித் தாயகம் திரும்பினார்.

திரும்பி வந்தவர் 1923-இல் சென்னைச் சட்டசபைக்கு நியமன உறுப்பினரானார். மறு ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் அவர் கொண்டுவந்த தீர்மானமே அவர் வாழ்வின் சிகரம் என்பது என் கருத்து. ஊரிலோ நகரிலோ உள்ள எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பினரும் நடக்கத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொதுவிடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் பயன்படுத்தும் அதே முறையிலும் அதே அளவிலும் தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் பொருள். தீர்மானம் நிறைவேறியது. 1925-இல் அரசிதழில் வெளியிடப்பட்டு மாகாணமெங்கும் அறிவிக்கப்பட்டது.

இத்தீர்மானத்தின் சொல்லமைப்பைக் கூர்ந்து நோக்குங்கள். புதுக் கிணறு வெட்டித் தர வேண்டும் என்று அது கேட்கவில்லை. சேரிக்குத் தனிப்பாதை போட்டுத் தருக என்று கேட்கவில்லை. அவ்வகை நன்மைகளைச் செய்ய அரசிலும் திருச்சபைகளிலும் தனவந்தர்களிலும் ஆளிருந்தனர்; செய்தும் வந்தனர். தனிக்கிணறு தாகத்தைத் தீர்க்கும். ஆனால் பொதுக்கிணறு உனக்குப் பொதுவல்ல என்ற தீர்ப்பையும் அதே கிணறு கல்லில் கட்டி நிலைநிறுத்திவிடும். நன்மையை முதலில் வைத்தால் தனிக்கிணறே போதும். நீதியை முதலில் வைத்தால் போதாது.

எதிர்ப்பாளர்களும் நன்மையின் பெயராலேயே பேசினர் என்பதையும் மறத்தலாகாது. ஊர் அமைதி கெடும் என்றனர். கலகம் மூளும் என்றனர். மக்கள் மனம் பக்குவப்படட்டும் என்றனர். அமைதியும் ஒரு நன்மைதான். அதே 1924-ஆம் ஆண்டில் திருவிதாங்கூரின் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக மார்ச் 30 முதல் சத்தியாக்கிரகம் நடந்து கொண்டிருந்தது. தந்தை பெரியார் அங்கே சென்று சிறைப்பட்டார். மறு ஆண்டு இறுதியில் அது சமரசமாக முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை. மன அமைதிக்கும் உரிமைக்கும் இடையே பேரம் நடந்தால் நாலில் ஒரு தெரு இப்படி மிஞ்சிவிடும். சீனிவாசனார் தீர்மானத்தில் அப்படிப்பட்ட மிச்சம் எதுவும் இல்லை.

தீர்மானம் நிறைவேறிய மறுநாளே கிணறுகள் திறந்துவிட்டன என்று எவரும் எண்ண வேண்டா. அறிவிப்பைத் தமுக்கடித்துச் சொல்லவே மறுத்த ஊர்கள் உண்டு. தடுப்போர்க்குத் தண்டனை வேண்டும் என்று கோவை வீரையன் அவர்கள் சட்டத்திருத்தம் கொண்டுவர நேர்ந்ததே அதற்குச் சான்று. கிராம அதிகாரிப் பதவி பரம்பரையாக வருவதை ஒழிக்க வேண்டும் என்று சீனிவாசனார் சட்டசபையில் வற்புறுத்தியதன் காரணமும் இங்கே விளங்கும். அறிவிப்பை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டிய கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும் யாருடைய பிள்ளைகள்?

இவற்றால் அவர் நன்மையை இகழ்ந்தவர் என்று கொண்டுவிடக் கூடாது. விடுமுறை நாள்களில் மதுக்கடைகளை மூட வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே. குடி நம் குடும்பங்களைத் தின்பதை அவர் நேரில் கண்டவர். கல்விக்கும் விடுதிக்கும் நிலத்துக்கும் ஓயாது முறையிட்டார். எது முன், எது பின் என்ற வரிசை மட்டும் அவருக்கு மாறவில்லை.

அந்த வரிசையைத் தெளிவாகக் காண 1930-ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்று உள்ளது. லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குத் தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதிகளாகச் சென்றவர் இருவர்: டாக்டர் அம்பேத்கர், இராவ் பகதூர் சீனிவாசன். ஒருவருக்கு நாற்பதைத் தொடாத வயது, மற்றவருக்கு எழுபது. அங்கே தம் தீண்டாமை நிலையை அறிவிக்கும் சின்னத்தைச் சீனிவாசனார் உடையில் அணிந்து சென்றார் என்றும், மன்னர் கைகுலுக்க முன்வந்தபோது தாம் தீண்டத்தகாதவர் என்று சொல்லி விலகி நின்றார் என்றும் நம் பெரியோர் சொல்வதுண்டு. அக்கதையைவிட, இருவரும் சேர்ந்து மாநாட்டில் அளித்த அறிக்கையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. வருங்கால அரசியலமைப்பில் தாழ்த்தப்பட்டோர் பெரும்பான்மை ஆட்சிக்கு உட்பட இசைய வேண்டுமாயின் நிறைவேற வேண்டிய எட்டு நிபந்தனைகள் அதில் உள்ளன. முதலாவது சமக் குடியுரிமை. இரண்டாவது அவ்வுரிமையைத் தடையின்றித் துய்த்தல். தடுப்போரையும் ஊர்விலக்கம் செய்வோரையும் தண்டித்தல். மூன்றாவது வேற்றுமை காட்டும் சட்டங்களிலிருந்து பாதுகாப்பு. அதன்பின் சட்டசபைகளிலும் அரசுப் பணிகளிலும் போதிய இடம். புறக்கணிப்புக்கு எதிராக முறையிடும் வழி. நம் நலத்துக்கென்று அரசில் தனித்துறை வேண்டும் என்பது ஏழாவதாகத்தான் வருகிறது. அமைச்சரவையில் இடம் என்பது எட்டாவது. நலத்துறையை முதலில் கேட்டிருந்தால் அரசாங்கம் மகிழ்ச்சியோடு கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். அதில் யாருக்கும் நட்டமில்லை.

பிறகு வந்தது 1932. ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் அறிவித்த வகுப்புத் தீர்ப்பு தாழ்த்தப்பட்டோர்க்கு 71 தனித்தொகுதிகளை அளித்தது. தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுப்பதுடன் பொதுத்தொகுதியில் இரண்டாவது வாக்கும் உண்டு. இது இந்து சமுதாயத்தைப் பிளக்கும் என்று கூறி எரவாடா சிறையில் காந்தியடிகள் செப்டம்பர் 20 அன்று சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். ஐந்தாம் நாள், 24-ஆம் தேதி, பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனி வாக்குரிமை போயிற்று. ஒதுக்கப்பட்ட இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்தில் மட்டும் 18 இடம் 30 ஆயிற்று. முன்னமே கூட்டு வாக்குரிமையை ஏற்று டாக்டர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்திருந்த எம். சி. ராஜாவும் ஒப்பமிட்டார். சீனிவாசனாரும் ஒப்பமிட்டார்.

நாற்பதாண்டுகள் நீதியை முதலில் வைத்தவர் இங்கே ஏன் வழிவிட்டார்? ஒரு மாமனிதரின் உயிர் ஒருபுறம். அவ்வுயிர் போனால் ஒவ்வோர் ஊரிலும் சேரிகள் மீது பாயக்கூடிய வெறி மறுபுறம். இதைக் கோழைத்தனம் என்பாருக்கு என் விடை இதுதான். நீதிக்கு முதலிடம் கொடுப்பவன், அந்நீதிக்கு உரியவர்கள் உயிரோடு இருப்பதையும் பார்க்க வேண்டியவனாகிறான். ஆயினும் அந்த நான்கு நாள் நெருக்கடியில் விட்டுக்கொடுத்தது உரிமை, பெற்றது எண்ணிக்கை. 18-க்கும் 30-க்கும் உள்ள வேறுபாடு ஒரு நன்மை. தம் பிரதிநிதியைப் பிறர் தயவின்றித் தேர்ந்தெடுப்பது வேறு. கூட்டுத் தொகுதியில் நம் ஆளைத் தேர்ந்தெடுக்கப் பிறருடைய வாக்கே பெரும்பான்மையாக வேண்டியிருக்கிறது என்ற குறை இன்றும் பேசப்படுகிறது. இரு தரப்பு வாதத்தையும் நம் இளைஞர்கள் படித்துத் தாமே முடிவுக்கு வரட்டும்.

ஒப்பந்தத்தையடுத்துக் காந்தியடிகள் முயற்சியால் தீண்டாமை ஒழிப்புக்கென்று அமைக்கப்பட்ட சங்கம் எவ்வழி செல்ல வேண்டும் என்பதைப் பற்றி அம்பேத்கர் 1932 நவம்பரில் கப்பலிலிருந்தே அதன் செயலாளர் தக்கர் அவர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தாழ்த்தப்பட்டவனின் ஒழுக்கத்தையும் பழக்கத்தையும் திருத்த நூலகம், உடற்பயிற்சி நிலையம், மதுவிலக்குப் பிரசாரம் என்று செலவழிப்பது ஒரு வழி. கிணற்றிலும் பள்ளியிலும் சாவடியிலும் தெருவிலும் அவனுடைய குடியுரிமையை நிலைநாட்டப் போராடுவது மற்றொரு வழி. சங்கம் இரண்டாவதையே முதற்கடமையாகக் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். சங்கமோ பெரும்பாலும் முதல்வழியையே நாடியது. எட்டாண்டுகளுக்கு முன் சென்னைச் சட்டசபையில் சீனிவாசனார் நின்ற இடமும் அம்பேத்கர் காட்டிய வழியும் ஒன்றே.

ஆனால் இருவரும் வேறுபட்ட இடமும் உண்டு. 1935-இல் அம்பேத்கர் தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அறிவித்து மதமாற்றத்தைப் பற்றிப் பேசியபோது சீனிவாசனார் உடன்படவில்லை. நாம் வருணத்துக்குப் புறம்பான திராவிடர், அந்த வீட்டுக்குள் இருந்ததே இல்லை. இல்லாத வீட்டைவிட்டு எப்படி வெளியேறுவது என்பது அவர் கருத்து. இதை வெறும் சொற்போர் என்று தள்ளிவிடலாகாது. ரால்ஸை மறுத்து 1982-இல் மைக்கேல் சாண்டல் என்பவர் எழுதிய நூலில் ஒரு கேள்வி உண்டு. குலம், மொழி, வரலாறு, பற்று எதுவுமில்லாத தனிமனிதனை வைத்து நீதி பேசுகிறீர்களே, அப்படி ஒருவன் எங்கேனும் இருக்கிறானா என்பது. அவர் பார்வையில், எது நல்ல வாழ்வு என்னும் நினைப்பிலிருந்து நீதியை அறுத்தெடுக்க முடியாது. சீனிவாசனாரைப் பார்க்கையில் இந்த மறுப்பில் பாதி உண்மை தெரிகிறது. அவர் கேட்ட நீதி பெயரற்ற மனிதனுக்கன்று. தன் குலத்தின் பெயரைத் தலைப்பிலேயே அச்சிட்டுக் கொண்ட மனிதனுக்கு. மறுபாதி பொருந்தவில்லை. ஊரின் மரபும் ஊரின் நல்வாழ்வும் பற்றிய கருத்தே நீதியை வகுக்குமானால், நம் ஊர்களில் அந்தக் கருத்தை வகுத்தவர்கள் யார் என்று கேட்க வேண்டிவரும். கிணற்றடியில் யார் நிற்கலாம் என்பதைக்கூட அந்த மரபுதான் முடிவு செய்து வைத்திருந்தது.

1936-இல் திவான் பகதூர் பட்டம் வந்தது. முதுமையிலும் பொதுப்பணியை விடவில்லை. 1945 செப்டம்பர் 18-ஆம் நாள், நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டாண்டுகள் இருக்கையில், சென்னையில் காலமானார். ஓட்டேரி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, கடைகள், உணவு விடுதிகள், கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள் ஆகியவற்றைச் சாதி காரணமாக எவருக்கும் மறுக்கலாகாது என்கிறது. 1924-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைப் படித்தவர்க்கு இப்பட்டியல் புதிதாகத் தோன்றாது. அதே அரசியலமைப்பு, நீதிமன்றம் சென்று பெறத்தக்க அடிப்படை உரிமைகளை மூன்றாம் பாகத்திலும், அரசு நாட வேண்டிய பொது நன்மைகளை வழிகாட்டு நெறிகளாக நான்காம் பாகத்திலும் வைத்தது. தாழ்த்தப்பட்டோரின் கல்வி, பொருளாதார நலன் பற்றிய 46-ஆம் பிரிவு நான்காம் பாகத்தில் உள்ளது. நீதிமன்றத்தில் வற்புறுத்த இயலாதது. இந்த வரிசை நமக்கே எதிராகத் திரும்பிய நிகழ்ச்சி விரைவிலேயே நடந்தது. கல்லூரிகளில் வகுப்புவாரி இடம் அளித்த சென்னை அரசின் ஆணையை எதிர்த்த சம்பகம் துரைராசன் வழக்கில், உரிமை முந்தியது, நெறி பிந்தியது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1951-இல் அவ்வாணையை ரத்துச் செய்தது. தமிழகம் கொதித்தது. அதே ஆண்டில் முதல் திருத்தம் வந்து, பின்தங்கியோர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் தனி ஏற்பாடு செய்வது 15-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவாக மூன்றாம் பாகத்துக்குள்ளேயே இடம்பெற்றது. அதுவரை சலுகையாக இருந்தது அன்று உரிமையின் வீட்டுக்குள் வந்து அமர்ந்தது.

சீனிவாசனார் தம் வரலாற்றை ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் பெயரில் 1939-இல் தாமே எழுதி வெளியிட்டார். சிறு நூல், பிற்காலத்தில் மறுபதிப்பும் வந்துள்ளது. கோவைக் கலாசாலையின் வாயிலில் மணியோசைக்காகக் காத்து நின்ற பகுதி அதன் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஒரு மாலைப்பொழுதில் படித்து முடித்துவிடலாம்.